ரேம்ப்பிலிருந்து ரேடியோவுக்கு: வளையலைக் கழற்றிவிட்டு வாங்க

மாடலிங் செய்துகொண்டிருக்கும் தங்கைகள் யாராவது மாதத்துக்கு ஒருமுறை எனக்கு மெசேஜ் போட்டுவிடுகிறார்கள்: "அக்கா, ரேடியோவுக்கு எப்படிப் போனீங்க, எனக்கும் ஒரு வழி சொல்லுங்க." ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை வற்றிவிட்டது. இப்போது தொண்டையை வைத்துத்தான் பிழைப்பு என்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் திருப்பூர்க்காரி. எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்லாக்குக்கு டி-ஷர்ட் போட்டு நின்றதில் ஆரம்பித்து, சென்னைக்கு வந்து பட்டுப்புடவை, நகை, ஆடித் தள்ளுபடி பேனர், அவ்வப்போது ரேம்ப் என்று ஏழு வருடம் ஓட்டிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தவள். இந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. மிர்ச்சி சிவா, ஆர்.ஜே. பாலாஜி, சுசித்ரா என்று நமக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் எஃப்.எம்.மில் பேசிப் பெயர் வாங்கி அப்புறம் சினிமாவுக்கும் பாட்டுக்கும் போனவர்கள். நாம் எதிர்த்திசையில் வருகிறோம். லண்டனில் சிலர் இப்படி வந்திருக்கிறார்கள். மாடலாக இருந்த லிசா ஸ்னோடன் 2008-ல் கேப்பிட்டல் எஃப்.எம்.மின் காலை நிகழ்ச்சிக்கு வந்து சில வருடம் நிலைத்து நின்றார், கெல்லி புரூக் 2019-ல் ஹார்ட் ரேடியோவின் மாலை நிகழ்ச்சியில் சேர்ந்தார். ஆனால் அவர்கள் ஊரே அறிந்தவர்கள். நம்முடையது ஜவுளிக்கடை பேனரில் எங்கேயோ பார்த்த முகம், பெயர் யாருக்கும் தெரியாது. அந்த முகத்தை நம்பி உள்ளே போக முடியாது என்பதை நான் ஆடிஷன் அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

ஷூட்டுக்குப் போகிற மாதிரியே போனேன். காட்டன் சில்க் புடவை, கை நிறையக் கண்ணாடி வளையல், பெரிய ஜிமிக்கி. புரொட்யூசர் ஒரு பேப்பரைக் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார். நான் படிக்க ஆரம்பித்து இரண்டு வரி தாண்டியிருக்க மாட்டேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். "மேடம், உங்க வளையல் நல்லா பேசுது. கழட்டிட்டு வாங்க." கழற்றினேன். மறுபடி ஆரம்பித்தால் புடவை மடிப்பு சரசரக்கிறது, ஜிமிக்கி ஹெட்போனில் டிக் டிக் என்று இடிக்கிறது. எல்லாவற்றையும் அடக்கி உட்கார்ந்து, கேமராவுக்குச் சிரிக்கிற சிரிப்போடு அழகாகப் படித்து முடித்தேன். அவர் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார். ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. பல் தெரிய நான் சிரித்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, ஒரு துளிகூட மைக்கில் ஏறவில்லை.

ரேம்ப்பில் முகத்தில் எதுவும் காட்டாமல் நடக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், துணிதான் தெரிய வேண்டும், நாம் தெரியக் கூடாது. கேட்லாக்கில் வாயை மட்டும் விரித்துச் சிரிக்கப் பழகுகிறோம், ஏனென்றால் ஒரு நாளைக்கு அறுபது எழுபது புடவை மாற்றும்போது நிஜமாகச் சிரித்தால் பத்தாவது புடவையிலேயே கன்னம் வலித்துவிடும். இந்த இரண்டு பழக்கமும் மைக் முன்னால் நம்மைக் கவிழ்க்கும்.

முதலில் வயிற்றை விடுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மாதக்கணக்கில் திணறித்தான் கண்டுபிடித்தேன். மாடலிங்கில் இருக்கிற எல்லோருக்கும் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து நிற்பது ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். தூங்கும்போதுகூட நான் இழுத்துப் பிடித்திருப்பேன் என்று அம்மா கிண்டல் செய்வார். வயிறு உள்ளே போனால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். நெஞ்சு மூச்சில் பேசினால் குரல் மெல்லிசாக, மேலே மேலே ஏறி, ஒரு வாக்கியம் முடிவதற்குள் காற்று தீர்ந்து கடைசி வார்த்தை விழுங்கப்படும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? கடைசி வார்த்தை போனால் வந்தாரா போனாரா என்பதே கேட்கிறவருக்குத் தெரியாது.

அதனால் தினமும் காலையில் பாய் போட்டு மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது பாக்கெட் மேலே வர வேண்டும், தோள் அசையக் கூடாது. பத்து நிமிடம் போதும். முதல் வாரம் பாக்கெட் அசையவே அசையாது, பயப்படாதீர்கள், எனக்கு மூன்றாவது வாரம்தான் அசைந்தது. அது பழகியதும் படுத்தபடியே செய்தித்தாள் தலையங்கம் ஒன்றைச் சத்தமாகப் படியுங்கள். ஸ்டூடியோவுக்குத் தொளதொள குர்தா, எலாஸ்டிக் வைத்த பேன்ட். இடுப்பைப் பிடிக்கிற எதுவும் வேண்டாம்.

உச்சரிப்புக்குப் பாட்டி காலத்து வைத்தியமே போதும். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சருசருக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்", "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" இரண்டையும் மெதுவாக ஐந்து தடவை, வேகமாக ஐந்து தடவை. வேகமாகச் சொல்லும்போது ழ எந்த இடத்தில் ள ஆகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள், தப்பு அங்கேதான் இருக்கும். ஊர்ப் பேச்சை மட்டும் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். நான் முதல் மூன்று மாதம் 'ங்க'வை எல்லாம் மறைத்து, யாருடைய பேச்சும் இல்லாத ஒரு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் போனில் வந்த ஒரு பெரியவர் பெருந்துறை என்று சொன்னதும் என்னை அறியாமல் "ஏனுங்க, அங்க மழைங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அப்புறம் போனை வைக்க மனசே இல்லாமல் பேசினார். அன்றைக்கு ஷோ முடிந்ததும் புரொட்யூசர் சொன்னது, "இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

பீரோதான் ஸ்டூடியோ

டெமோ, அதாவது நம் குரலின் மாதிரிப் பதிவு, அனுப்ப ஸ்டூடியோ வாடகை எடுக்க வேண்டாம். நம்மிடம் வேறு எவரிடமும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: துணி நிறைந்த பீரோ. எதிரொலியைத் துணி குடித்துவிடும். பீரோக் கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே தலையை விட்டு, போனில் ரெக்கார்ட் செய்தேன். எதிர் வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து விசாரித்தது தனிக் கதை. ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, போனைக் கொஞ்சம் ஓரமாகப் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் 'ப' வருகிற இடமெல்லாம் காற்று டப் டப் என்று அடிக்கும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்கிற சாஃப்ட்வேர் போதும், காசில்லாமல் கிடைக்கிறது.

மூன்று நிமிடத்துக்கு மேல் டெமோ வேண்டாம். கேட்கிறவர் முதல் முப்பது வினாடியில் முடிவு செய்துவிடுவார், அதனால் இருப்பதிலேயே நல்லதை முதலில் வையுங்கள். மூன்று லிங்க் (பாட்டுகளுக்கு நடுவில் பேசுகிற துண்டு), ஒரு விளம்பர வாசிப்பு, போதும். ஆர்.ஜே. மாதிரிப் பேசிக் காட்டுவதாக நினைத்து, பிரபலமானவர் யாரையாவது காப்பியடித்து அனுப்பாதீர்கள். அவர் அங்கே ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்.

போட்டோ? நானும் முதலில் போர்ட்ஃபோலியோவோடுதான் அனுப்பினேன். பதிலே இல்லை. போட்டோவைப் பார்த்ததும் "டி.வி.க்குப் போக வேண்டிய பொண்ணு, இங்க ஆறு மாசம் தாங்காது" என்று நினைத்துவிடுகிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஆடியோவை மட்டும் அனுப்புங்கள், மாடலிங் அனுபவத்தைக் கூப்பிட்ட பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

லிங்க் எழுதுவது

இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசுகிற துண்டுதான் லிங்க். இருபது வினாடி, முப்பது வினாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். வேலையே இதுதான், மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது.

மழை பெய்கிறது, மாலை ஷோ என்று வைத்துக்கொள்வோம். நான் முதல் வாரம் பேசிய லிங்க் இது: "மாலை வணக்கம் நேயர்களே! சென்னையில் அழகான மழை. மழைன்னாலே எல்லாருக்கும் சந்தோஷம்தான். சூடா ஒரு டீ, ஒரு பஜ்ஜியோட இந்த இனிமையான பாடலைக் கேட்டு மகிழுங்க!" இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் மழை தெரிகிறது, அதைச் சொல்ல நான் எதற்கு?

ஒரு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு மழைக்குப் பேசியது: "வேளச்சேரி ஸ்டேஷன் வாசல்ல ஒரு தம்பி. தலை சொட்டச் சொட்ட நனையுது, ஆனா ஹெல்மெட்டைக் கழட்டி வயித்தோட அணைச்சுப் பிடிச்சிருக்கான். உள்ள என்னன்னு எட்டிப் பார்த்தா ரெண்டு முழம் மல்லிப்பூ. தம்பி, தல காஞ்சிடும். பூ நனையறதுக்குள்ள வீட்டுக்குப் போ." அவ்வளவுதான், பாட்டு. வணக்கம் இல்லை, மழை என்ற வார்த்தைகூட இல்லை. கடைசி வரிக்கு மேல் ஒரு சொல் பேசினாலும் கெட்டுவிடும்.

இதற்கு நீங்கள் தெருவில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனால் பேச விஷயம் கிடைக்காது. நான் இன்றும் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும்தான் போகிறேன், கையில் சின்ன நோட்டு. எழுதும்போது பேச்சாக எழுதுங்கள், எழுத்தாக எழுதிவிட்டு மைக்கில் பேச்சாக மாற்ற முயன்றால் நாக்கு தடுக்கும். முழுசாக எழுதி முடித்ததும் அந்தப் பேப்பரைக் கவிழ்த்துவிட்டு, நான்கு வார்த்தை மட்டும் குறித்துக்கொண்டு பேசுங்கள்.

யாரிடம் பேசுகிறீர்கள் என்று ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எனக்குப் பல்லாவரத்துச் சித்தி. ஃப்ரிட்ஜ் மேல் ரேடியோவை வைத்துவிட்டு, தோசை வார்த்தபடியே அதற்குப் பதில் சொல்கிறவர். "ஆமா, இவ கண்டா" என்பதுதான் அவரிடமிருந்து அடிக்கடி வரும் பதில். அந்தப் பதில் எந்த வரியில் வரும் என்று யோசித்தாலே பாதி லிங்க் குப்பைக்குப் போய்விடும்.

மாடலாக இருந்தது உதவுகிற இடமும் இதில் உண்டு. பாட்டுக்கு முன்னால் வருகிற இசை பதினான்கு வினாடி என்றால், பாடகர் வாயைத் திறப்பதற்குள் நாம் பேசி முடித்திருக்க வேண்டும். பாட்டுக் குரலின் மேல் ஏறிப் பேசினால் திட்டு விழும். புதிதாக வருகிறவர்கள் இதில் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். எட்டு எண்ணி நடந்து, எட்டு எண்ணி நின்று, எட்டு எண்ணித் திரும்பிய நமக்கு அந்தக் கணக்கு காலிலேயே இருக்கிறது. நான் மேஜைக்கடியில் கால் கட்டைவிரலால் எண்ணுவேன். இரண்டாவது நாளே சரியாக முடித்ததைப் பார்த்து, முன்னால் எங்கேயோ வேலை பார்த்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

எதைப் பேசக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை, ஆகாசவாணியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் டிராஃபிக், வானிலை, தேர்வு முடிவு, காலேஜ் அட்மிஷன், வேலைவாய்ப்பு, திருவிழா, கரண்ட் கட், தண்ணீர் சப்ளை, இயற்கைப் பேரிடர் இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகப் பேசலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை எஃப்.எம். ஸ்டேஷன்கள் உதவி கேட்டவர்களையும் கொடுக்க வந்தவர்களையும் கோத்துவிட்டது இந்த வாசல் வழியாகத்தான். கட்சி, தேர்தல், நேற்று சட்டசபையில் என்ன நடந்தது என்பதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தட்டுவது

மிர்ச்சி 98.3, சூரியன் 93.5, ஹலோ 106.4 என்று பெரிய கதவுகளைத் தட்டுவதில் தப்பில்லை, ஆனால் நேராகக் காலை ஷோ கொடுப்பார்கள் என்று கனவு காணாதீர்கள். புதியவர்களுக்கு ராத்திரி, அதிகாலை, ஞாயிற்றுக்கிழமைதான். விளம்பர வாசகம் எழுதவோ புரொட்யூசருக்கு உதவியாகவோ உள்ளே போய், ஆள் வராத ஒருநாள் மைக்கைப் பிடித்தவர்களும் உண்டு.

மாடலிங்கை உடனே விட முடியாதவர்களுக்கு ஆகாசவாணி நல்ல வழி. சென்னையில் ரெயின்போ 101.4, கோல்டு 102.3. அவ்வப்போது பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு அழைப்பு விடுவார்கள், எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, அப்புறம் பயிற்சி. மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் கிடையாது என்பதால் ஷூட் தேதியோடு முட்டாது. குரல் தேர்வில் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும், இங்கிலீஷ் கலந்து சமாளிக்கிற வேலை அங்கே நடக்காது. அதுவும் பயமாக இருந்தால், கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் நடத்துகிற சமுதாய வானொலி. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 தொடங்கி 2004-லிருந்து இந்த வகை நிலையங்கள் நம்மூரில் இருக்கின்றன. பணம் பெரிதாக வராது, தப்பு செய்ய இடம் கிடைக்கும்.

சேர்ந்த பிறகு வாரம் ஒருமுறை உங்கள் ஷோவின் ரெக்கார்டிங்கைக் கேளுங்கள். இதை ஏர்செக் என்பார்கள். சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாக இருக்கும், ஷூட்டில் எடுத்த எல்லாப் படமும் சின்னச் சின்னதாக வரிசையாக இருக்கிற கான்டாக்ட் ஷீட்டில் கண் மூடியிருக்கிற போட்டோவைப் பார்ப்பது போலத்தான், அதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒன்றுமில்லை.

சாப்பாடு முக்கியம். காலை ஏழு மணி ஷோவுக்கு ஐந்துக்கு எழ வேண்டும், மாடலிங் நாள்களில் காலை உணவைத் தள்ளிப்போட்ட பழக்கத்தில் நான் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். வயிறு உறுமியது. மைக் அதையும் எடுத்துக்கொண்டது. கூட இருந்த ஆர்.ஜே. தம்பி லைவிலேயே "ஸ்டூடியோவுக்குள்ள யாரோ பைக்கை ஸ்டார்ட் பண்றாங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஃப்ளாஸ்க்கில் வெந்நீர். ஷோவுக்கு முன் தயிரும் பாலும் எனக்கு ஆகாது, சளி கட்டுகிறது.

கையெழுத்துப் போடும் முன்

சம்பளம் குறையும். என் முதல் மாதச் சம்பளம் இரண்டு பட்டுப்புடவை ஷூட்டில் வருகிற பணம்கூட இல்லை. ஆனால் அது ஒன்றாம் தேதி வந்தது. ஷூட் பணத்துக்கு மூன்று மாதம், ஷூட் பிடித்துத் தருகிற கோ-ஆர்டினேட்டர் பின்னால் அலைந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் ருசி தெரியும். (எனக்கு இன்னும் ஒரு ஜவுளிக்கடை பாக்கி வைத்திருக்கிறது, விடுங்கள்.) ஷூட் பணத்தில் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற 10 சதவீத டி.டி.எஸ்.ஸை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்காமல் பலர் விட்டிருப்பீர்கள், அதையும் இந்த இடைவெளியில் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, வெளி வேலை. பல ஸ்டேஷன்கள் அனுமதி இல்லாமல் வேறு விளம்பரத்தில் முகமோ குரலோ காட்டக் கூடாது என்று எழுதியிருப்பார்கள், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஷூட் இருந்தால் அதைப் பட்டியல் போட்டு அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு, நிகழ்ச்சிப் பெயரும் உங்கள் ரேடியோ பெயரும் யாருக்குச் சொந்தம், வேலையை விட்டால் எடுத்துக்கொண்டு போகலாமா. மூன்றாவது இப்போதுதான் தலைகாட்டுகிறது: உங்கள் குரலை ஏ.ஐ.யில் ஏற்றி, நீங்கள் பேசாததைப் பேச வைக்க அனுமதி தருகிற மாதிரி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்குத் தனி ரேட் கேளுங்கள்.

நேயர்கள் ஒருநாள் பழைய போட்டோவைத் தோண்டி எடுப்பார்கள். நீச்சலுடை ஷூட் செய்திருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். லைவில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டபோது நான், "ஆமாங்க, நான்தான். அன்னிக்கு ஈ.சி.ஆர்.ல காலைல அஞ்சு மணி, குளிர்ல பல்லு தந்தியடிச்சுது. உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். மறைக்கிற மாதிரி ஒரு விநாடி தயங்கினாலும் அதையே ஒரு மாதம் கேட்பார்கள். போனில் எல்லை மீறுகிறவர்களை லைவுக்கு வருவதற்கு முன்னாலேயே வடிகட்ட ஆள் உண்டு, அவரோடு சிநேகமாக இருங்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஸ்டேஷன்காரர்கள் உங்களை ஒருநாள் கேமரா முன்னால் நிறுத்துவார்கள். புது ஷோவுக்குப் பஸ் ஸ்டாப் பேனர், எல்லா ஆர்.ஜே.க்களுக்கும் போட்டோ ஷூட். மூன்று மணி நேரம் பேசச் சொன்னால் மூச்சு விடாமல் பேசுகிற ஆட்கள் அங்கே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள், பாதி நாள் போய்விடும். நான் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன். வயிற்றை மட்டும் அந்தப் பதினைந்து நிமிடம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.